பித்தநீரில் கல் விளைவதும், மாத்திரையில் அது கரைவதும்

வயிற்று வலிக்காகவோ ஹெல்த் செக்கப்புக்காகவோ ஸ்கேன் எடுத்த ஒருவருக்கு "கால்பிளாடரில் கல்" என்று ரிப்போர்ட் வந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே கரைக்க முடியாதா? முடியும். ஆனால் எல்லா வகைக் கல்லும் கரையாது, எல்லோருக்கும் கரையாது, கரைகிறவர்களுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஏன் இத்தனை நிபந்தனை என்று புரிய வேண்டுமானால், பித்தநீருக்குள் எது எது என்ன விகிதத்தில் கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த நோயின் பாதிக்கு மேல் அந்த விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது.

அதற்கு முன் நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பித்தப்பைக் கல் வேறு, சிறுநீரகக் கல் வேறு. சிறுநீரகக் கல்லில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட். அது சிறுநீரில் விளைவது. அதற்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பித்தப்பைக் கல்லில் பெரும்பாலானவை கொலஸ்ட்ராலால் ஆனவை. தண்ணீரில் கரையாத பொருள் என்பதால்தானே அது கல்லாகவே ஆனது? வாழைத்தண்டுச் சாறு குடித்தால் பித்தப்பைக்குள் எதுவும் போய்ச் சேராது. குடிக்கும் எதுவுமே நேராக அங்கே போகாது. கல்லீரல் சுரந்து அனுப்புவது மட்டும்தான் பித்தப்பைக்குள் வரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்களில் முக்கால்வாசியைப் படிக்காமலே கடந்துவிடலாம்.

பித்தநீரில் என்ன இருக்கிறது

கல்லீரல் ஒரு நாளைக்கு 600 மில்லிலிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் மூன்று பொருட்கள் நமக்கு முக்கியம்: பித்த அமிலங்கள், லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால். மூன்றையும் லிப்பிடுகள் என்ற ஒரே குடும்பத்தில் சேர்ப்பார்கள். பித்தத்துக்கு மஞ்சள், பச்சை நிறம் தரும் பிலிருபின் தனி; அதைப் பிறகு பார்க்கலாம்.

கொலஸ்ட்ரால் என்றதும் இதய ரத்தக்குழாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் மனிதர்கள் அந்தப் பொருளை முதலில் கண்டெடுத்ததே பித்தப்பைக் கல்லிலிருந்துதான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கற்களைக் கரைத்து அதைப் பிரித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரல் என்ற வேதியியலர் அதற்குப் பெயர் வைத்தார். உடலுக்குக் கொலஸ்ட்ரால் தேவை, ஆனால் மிஞ்சியதை எரித்துத் தீர்க்கும் வழி உடலில் இல்லை. கொழுப்பு, சர்க்கரை மாதிரி அதைச் சக்தியாக மாற்ற முடியாது. வெளியேற்ற இருக்கும் பெரிய வழி பித்தநீர் ஒன்றுதான். கல்லீரல் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக மாற்றி அனுப்பும். இன்னொரு பகுதியை மாற்றாமல் அப்படியே அனுப்பும். அப்படியே போவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிராம்.

சிக்கல் இங்கேதான். பித்தநீர் பெரும்பாலும் தண்ணீர், கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அப்படியிருக்க அந்த ஒரு கிராம் எப்படிப் போகிறது? பித்த அமிலங்கள் சுமந்து போகின்றன. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைத்தான் இவை செய்கின்றன. பித்த அமில மூலக்கூறு தட்டையானது. ஒரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும், மறுபக்கம் கொழுப்போடு ஒட்டும். செறிவு ஓரளவைத் தாண்டியதும் பல மூலக்கூறுகள் கூடி, கொழுப்புப் பக்கம் உள்ளேயும் தண்ணீர்ப் பக்கம் வெளியேயும் இருக்கும்படி நுண்ணிய திரள்களாகின்றன. இவற்றுக்கு மிசெல் என்று பெயர். கொலஸ்ட்ரால் அந்தத் திரளுக்குள் பதுங்கிக்கொள்ளும்.

பித்த அமிலம் மட்டும் இருந்தால் மிசெலுக்குள் கொஞ்சம் கொலஸ்ட்ரால்தான் பிடிக்கும். லெசித்தினும் சேர்ந்தால் மிசெல் பருத்து, பல மடங்கு அதிகம் பிடிக்கும். ஆக, லெசித்தினும் பித்த அமிலமும் சேர்ந்து ஒரு கொள்ளளவை நிர்ணயிக்கின்றன. கொலஸ்ட்ரால் அதற்குள் இருந்தால் பித்தநீர் தெளிந்த திரவமாக இருக்கும், மிஞ்சினால் மிஞ்சியது வெளியே வரப் பார்க்கும்.

முக்கோணப் படம்

1968இல் அமெரிக்காவின் அட்மிரண்டும் டொனால்ட் ஸ்மாலும் இதை ஒரு முக்கோணத்தில் வரைந்து காட்டினார்கள். ஒரு முனை பித்த அமிலம், ஒரு முனை லெசித்தின், ஒரு முனை கொலஸ்ட்ரால். யாருடைய பித்தநீரை எடுத்தாலும், மூன்றும் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் அது முக்கோணத்துக்குள் ஒரு புள்ளியாக விழும். முக்கோணத்தின் அடியில் ஒரு சிறிய பகுதி மட்டும் கொலஸ்ட்ரால் முழுதும் மிசெலில் அடங்கும் பகுதி. அதன் எல்லைக்கோட்டுக்கு மேலே விழுந்தால் படிகம் விளைய வாய்ப்பிருக்கிறது.

எண்ணிக்கையில் சொன்னால், இந்த மூன்று வகை மூலக்கூறுகளில் நூறை எண்ணும்போது சாதாரணப் பித்தநீரில் 70 முதல் 75 வரை பித்த அமிலம், 20க்குச் சற்று மேல் லெசித்தின், ஐந்தாறு கொலஸ்ட்ரால் இருக்கும். கல் உள்ளவர்களிடம் அந்த ஐந்தாறு என்பது எட்டு, பத்து என்று ஏறியிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்! நூறில் மூன்று நான்கு மூலக்கூறுகள்.

இதையே ஒரே எண்ணாகச் சொல்வதற்குக் கொலஸ்ட்ரால் செறிவுக் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இருக்கும் கொலஸ்ட்ராலை, அந்தக் கலவை தாங்கக்கூடிய உச்ச அளவால் வகுத்தால் வருவது. உதாரணமாக, ஒரு பித்தநீர் நூற்றுக்கு ஆறு தாங்கும், ஆனால் ஒன்பது இருக்கிறது என்றால் குறியீடு 1.5. ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்தப் பித்தநீர் இன்னும் கொலஸ்ட்ராலைக் கரைத்து வைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. ஒன்றுக்கு மேலே இருந்தால் தாங்கமுடியாமல் சுமக்கிறது. மாத்திரை வைத்தியம் முழுவதும் இந்த எண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்கும் முயற்சிதான்.

சரி, ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் நார்மல் என்று வந்தால் கல் வராதா? வரும். ரத்தத்தில் "கெட்ட கொலஸ்ட்ரால்" எனப்படும் எல்டிஎல் அளவுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் நேரடித் தொடர்பு பெரிதாக இல்லை. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாகவும், "நல்ல கொலஸ்ட்ரால்" எனப்படும் ஹெச்டிஎல் குறைவாகவும் இருப்பவர்களுக்குத்தான் கல் அதிகம் தென்படுகிறது. ரத்தக் கணக்கு வேறு, பித்தக் கணக்கு வேறு.

எல்லையைத் தாண்டினாலும் எல்லோருக்கும் கல் வருவதில்லை

முக்கோணம் வந்த புதிதில், இனி எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை இருந்தது. 1973இல் ஹோல்ஸ்பாக் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் கல் இல்லாத ஆரோக்கியமானவர்களின் பித்தநீரைப் பார்த்தபோது, அவர்களில் பலருக்கும் அது எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. அப்படியானால் அவர்களுக்கு ஏன் கல் இல்லை?

அடுத்த சில ஆண்டுகளில் அதே குழு ஒரு எளிய சோதனை செய்தது. பித்தநீரை வடிகட்டிப் படிகமே இல்லாமல் செய்து, உடல் வெப்பத்தில் வைத்து, முதல் கொலஸ்ட்ரால் படிகம் எப்போது தோன்றுகிறது என்று தினமும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கல் உள்ளவர்களின் பித்தத்தில் சில நாட்களிலேயே படிகம் வந்தது. கல் இல்லாதவர்களின் பித்தம், செறிவு அதே அளவு இருந்தும், பல நாட்கள் தாக்குப்பிடித்தது. பித்தப்பை தினமும் சாப்பாட்டு வேளையில் சுருங்கித் தன் சரக்கில் பெரும்பகுதியைக் குடலுக்குள் தள்ளிவிடுவதால், படிகம் வர இரண்டு வாரம் ஆகும் பித்தம் அதற்குள் வெளியே போய்விடும்.

எனவே மூன்று காரணங்கள் கூடிவந்தால்தான் கல்: கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறிய பித்தம், படிகம் சீக்கிரம் உருவாகும் சூழல், சோம்பேறித்தனமாகச் சுருங்கும் பித்தப்பை. கடைசி இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. பித்தப்பையின் உள்சுவர் சுரக்கும் மியூசின் என்ற கொழகொழப்பான பொருள் படிகங்களைப் பிடித்து வைக்கும். மிஞ்சிய கொலஸ்ட்ரால் பித்தப்பைச் சுவரின் தசைக்குள் போய் அதைச் சுருங்க விடாமல் தளர்த்தும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஸ்லட்ஜ்" என்று எழுதியிருந்தால், படிகமும் மியூசினும் சேர்ந்த இந்தச் சேற்றைத்தான் சொல்கிறார்கள். அது கல்லாகவும் போகலாம், தானாகக் கலைந்தும் போகலாம்.

இன்னொன்று: பித்தப்பை ஒரு சேமிப்புப் பை மட்டும் அல்ல. 30 முதல் 50 மில்லிலிட்டர் கொள்ளும் அந்தச் சின்னப் பை, தண்ணீரை உறிஞ்சி பித்தத்தை ஐந்து பத்து மடங்கு கெட்டியாக்குகிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தத்தில் கொலஸ்ட்ராலின் ஒரு பகுதி மிசெலில் இல்லாமல், லெசித்தினோடு சேர்ந்து வெசிகிள் என்ற குமிழ்களில் இருக்கும். கெட்டியாகும்போது லெசித்தின் மிசெலுக்குள் போய்விட, குமிழ்களில் கொலஸ்ட்ரால் விகிதம் ஏறிக்கொண்டே போகும். அந்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, கடைசியில் மெல்லிய தகடு போன்ற படிகங்களை உதிர்க்கும். நுண்ணோக்கியில் அவை ஒரு மூலை வெட்டுப்பட்ட சதுரங்களாகத் தெரியும்.

விகிதம் எப்படிக் கெடுகிறது

கொலஸ்ட்ரால் ஏறினாலும் விகிதம் கெடும், மற்ற இரண்டும் இறங்கினாலும் கெடும். இதைப் புரிந்துகொண்டால், தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் காரணங்கள் எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

உடல் பருமன் உள்ளவர்களின் உடல் அதிகக் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது. பித்தத்தில் அது கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் பித்தத்துக்குப் போகும் கொலஸ்ட்ராலைக் கூட்டும், புரோஜெஸ்டிரோன் பித்தப்பையைத் தளர்த்தும். கர்ப்ப காலத்தில் இரண்டும் உச்சத்தில் இருப்பதால் அப்போது ஸ்லட்ஜும் கல்லும் தோன்றுவது சகஜம். பெண்களுக்கு இந்த நோய் அதிகம் என்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். ஒரே மூச்சில் உடல் எடையைக் குறைப்பவர்களிடம், திசுக்களில் இருந்த கொலஸ்ட்ரால் கிளம்பிப் பித்தத்துக்கு வருகிறது. சாப்பாடும் குறைவு என்பதால் பித்தப்பை சுருங்குவதும் குறைகிறது. மாதத்தில் பத்து கிலோ என்று விளம்பரம் செய்பவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

மறுபக்கம், பித்த அமிலம் குறைந்தால் என்ன ஆகும்? உடலில் மொத்தப் பித்த அமில இருப்பு 2 முதல் 4 கிராம்தான். கொழுப்பு ஜீரணத்துக்கு அது எப்படிப் போதும் என்றால், அதே இருப்பு ஒரு நாளில் ஆறு முதல் பத்துத் தடவை சுற்றி வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி ஏறத்தாழ 95 சதவீதத்தை உறிஞ்சி ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது. மலத்தில் போவது தினமும் அரை கிராம் அளவு. அதைக் கல்லீரல் புதிதாகச் செய்து ஈடுகட்டும். கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாலோ அறுவை சிகிச்சையாலோ குடலின் அந்தக் கடைசிப் பகுதியை இழந்தவர்களுக்கு ஈடுகட்ட முடியாத அளவு வீணாகிறது. அவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

லெசித்தின் குறைவது அரிது. லெசித்தினைப் பித்தத்துக்குள் தள்ளும் புரதத்துக்கான மரபணு ஏபிசிபி4. அதில் கோளாறு உள்ளவர்களுக்கு 40 வயதுக்கு முன்பே கல் வரும், பித்தப்பையை எடுத்த பிறகும் நாளங்களில் திரும்ப வரும். கொலஸ்ட்ராலைத் தள்ளும் புரதங்கள் ஏபிசிஜி5, ஏபிசிஜி8. இரண்டாவதில் ஒரு மாற்றம் இருந்தால் கல் வரும் வாய்ப்பு கூடும் என்று 2007இல் மரபணு ஆய்வில் தெரிந்தது. "எங்க வீட்ல எல்லோருக்கும் கல்" என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இதில் உச்சம் என்றால் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடி மக்கள். 1970இல் வெளிவந்த ஆய்வில், நடுவயதுப் பெண்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் பித்தப்பை நோய் இருந்தது தெரிந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் கல் மிகச் சிறு வயதிலேயே தொடங்குவதால், கல் வருவதற்கு முன்பு பித்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவர்களிடம்தான் முடிந்தது. கல் இல்லாத இளம்பெண்களிடமே பித்தம் கொலஸ்ட்ரால் மிகுந்து இருந்தது. கல்லால் பித்தம் கெடவில்லை, பித்தம் கெட்டுத்தான் கல் வருகிறது என்பதற்கு அது வலுவான சான்று.

பித்த அமிலத்தையே மருந்தாகக் கொடுத்தால்?

1970ஐ ஒட்டி இன்னொரு செய்தியும் வந்தது. கல் உள்ளவர்களின் பித்த அமில இருப்பு, கல் இல்லாதவர்களை விடக் குறைவு என்று விலாசெவிச் குழு அளந்து சொன்னது. உடனே ஒரு யோசனை எழுந்தது: குறைகிறது என்றால் வாயால் கொடுத்து நிரப்பிவிடலாமே? பித்த அமிலம் குடலிலிருந்து உறிஞ்சப்பட்டுத் தானாகவே கல்லீரலுக்குப் போய்ப் பித்தத்தில் சேரும் பொருள்தானே.

அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் திஸ்ல், ஷோன்ஃபீல்ட், ஹாஃப்மன் ஆகியோர் அதைச் செய்து பார்த்தார்கள். மனிதக் கல்லீரல் சொந்தமாகச் செய்யும் பித்த அமிலங்கள் இரண்டு: கோலிக் அமிலம், கீனோடியாக்சிகோலிக் அமிலம். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். கீனோ கொடுத்தவர்களின் பித்தத்தில் கொலஸ்ட்ரால் விகிதம் இறங்கியது. கோலிக் கொடுத்தவர்களுக்கு இறங்கவில்லை. 1972இல் மாயோ குழுவும், லண்டனில் டவ்லிங் குழுவும் கீனோ மாத்திரையால் சிலருடைய கற்கள் சிறுத்தன அல்லது மறைந்தன என்று அறிவித்தார்கள். கத்தி வைக்காமல் கல்லைக் கரைத்தது மருத்துவ உலகில் பெரிய பரபரப்பாக இருந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம், வேலை செய்யாமல் போன அந்தக் கோலிக் அமிலம்தான். இருப்பை நிரப்புவதுதான் விஷயம் என்றால் கோலிக்கும் வேலை செய்திருக்க வேண்டும். இருப்பை அதுவும் கூட்டத்தான் செய்கிறது. ஆக, யோசனை தவறு, மருந்து சரி! கீனோ உண்மையில் செய்தது வேறு. கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பை நடத்தும் நொதியை அது அடக்கியது. பித்தத்துக்குப் போகும் கொலஸ்ட்ராலே குறைந்தது. முக்கோணத்தில் புள்ளி இறங்கியது பித்த அமிலம் ஏறியதால் அல்ல, கொலஸ்ட்ரால் இறங்கியதால். இருப்பு குறைவாக இருந்ததே கல்லால் கெட்ட பித்தப்பையின் விளைவாக இருக்கலாம் என்ற பார்வையும் பிறகு வந்தது: பித்தப்பை பிடித்து வைக்காவிட்டால் பித்த அமிலம் அதிகத் தடவை சுற்றும், அதைப் பார்த்துக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைக்கும்.

பரபரப்பை அடக்கியது 1981இல் வெளிவந்த அமெரிக்கத் தேசியக் கூட்டாய்வு. 916 நோயாளிகள், இரண்டு ஆண்டுகள். தினமும் 750 மில்லிகிராம் கீனோ எடுத்தவர்களில் கல் முழுதாகக் கரைந்தவர்கள் 13.5 சதவீதம்தான். பாதி அளவு எடுத்தவர்களில் 5.2, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 0.8. வயிற்றுப்போக்கு வந்தது, சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின, ரத்தத்தில் எல்டிஎல் சுமார் பத்து சதவீதம் கூடியது. அமெரிக்க அரசு 1983இல் அனுமதி கொடுத்தும் அது பரவலாகவில்லை. இன்று கீனோவின் முக்கியப் பயன் வேறு இடத்தில்: தசைநாண்களிலும் மூளையிலும் கொழுப்பு படியும் ஒரு அரிய பரம்பரை நோய்க்கு அதுதான் மருந்து.

கீனோவின் இடத்தைப் பிடித்தது அதன் உடன்பிறப்பு போன்ற உர்சோடியாக்சிகோலிக் அமிலம். மூலக்கூறில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி மறுபக்கம் திரும்பியிருப்பது மட்டும்தான் வித்தியாசம். 1902இல் ஸ்வீடனின் ஹம்மார்ஸ்டென் துருவக் கரடியின் பித்தத்தில் இதன் தடயத்தைக் கண்டார்; 1927இல் ஜப்பானின் ஒகயாமாவில் ஷோடா கரடிப் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்தார். கிழக்காசியாவில் கரடிப் பித்தம் நெடுங்காலமாக மருந்து. பித்தக் கல் கரைவதாக ஜப்பானிலிருந்து 1975இல் செய்தி வந்தது. நம் உடலிலும் குடல் பாக்டீரியாவின் உபயத்தில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் மொத்தப் பித்த அமிலத்தில் சில சதவீதம்தான். மாத்திரை எடுக்கும்போது அது பாதி அளவுக்கு ஏறிவிடும்.

இன்று இந்தியாவில் உடிலிவ் போன்ற பெயர்களில் மருந்துக்கடையில் கிடைப்பது இதுதான். அதற்குக் கரடி தேவையில்லை. பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த கோலிக் அமிலத்தை மாற்றித் தயாரிக்கிறார்கள். சைவம் பார்க்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உர்சோ வேலை செய்யும் விதமும் சற்று வேறு. கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் கீனோ அளவுக்கு அடக்குவதில்லை. பித்தத்துக்குள் கொலஸ்ட்ரால் போவதைக் குறைக்கிறது, குடலில் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. இன்னொரு தந்திரமும் உண்டு: கல்லின் மேற்பரப்பிலிருந்து கொலஸ்ட்ராலை லெசித்தினோடு சேர்த்துக் குமிழ்களாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறது. வயிற்றுப்போக்கு குறைவு, கல்லீரலுக்கும் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

யாருக்குக் கரையும்

அளவு பொதுவாக உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 480 முதல் 600. இரவு உறங்கும்போதுதான் பித்த அமிலச் சுற்று மந்தமாகி, பித்தத்தில் கொலஸ்ட்ரால் விகிதம் ஏறுகிறது என்பதால், இரவு வேளையில் எடுப்பது கூடுதல் பலன் தரும் என்று ஆய்வுகள் காட்டின. டாக்டர் எழுதிக் கொடுத்த வேளையை நீங்களாக மாற்ற வேண்டாம்.

கரைய வேண்டுமானால் முதல் நிபந்தனை, கல் கொலஸ்ட்ராலால் ஆனதாக இருக்க வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல் இருக்கிறதா, எத்தனை, எவ்வளவு பெரிது என்று அருமையாகச் சொல்லும்; எதனால் ஆனது என்று சொல்லாது. எக்ஸ்ரேயிலோ சிடி ஸ்கேனிலோ வெள்ளையாகத் தெரிந்தால் கால்சியம் படிந்திருக்கிறது; அதை மாத்திரை தொடாது. கருப்பு நிறமிக் கற்களையும் தொடாது. அவை பிலிருபினால் ஆனவை. ரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாக உடையும் நோய்களிலும் கல்லீரல் சுருக்கத்திலும் வருபவை. இந்தியாவுக்குள்ளேயே இதில் வேறுபாடு உண்டு. ரயில்வே ஊழியர்களிடையே நடந்து 1968இல் வெளிவந்த ஆய்வில், வட இந்தியர்களுக்குத் தென்னிந்தியர்களை விடப் பல மடங்கு அதிகமாகப் பித்தக் கல் இருந்தது. தெற்கில் எடுத்த கற்களில் நிறமிக் கல்லின் பங்கு வடக்கை விடக் கூடுதல் என்றும் ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. டெல்லி உறவினருக்குக் கல்லைக் கரைத்த மாத்திரை சென்னைக்காரருக்குக் கரைக்காமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இரண்டாவது, பித்தப்பை சுருங்கி விரிய வேண்டும், அதன் குழாய் திறந்திருக்க வேண்டும். மருந்து கலந்த பித்தம் உள்ளே போய்க் கல்லைத் தொட்டால்தானே கரைக்கும்.

மூன்றாவது, அளவு. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கல்லில் கிட்டத்தட்ட அரை கிராம் கொலஸ்ட்ரால் இருக்கும். கல்லீரல் ஒரே நாளில் பித்தத்தில் அனுப்புவதில் பாதிதான் அது! ஆனாலும் கரைய மாதங்கள் ஆகும். காரணம், கரைவது மேற்பரப்பில் மட்டும். 20 மில்லிமீட்டர் கல் ஒன்றையும், அதே கன அளவுள்ள 5 மில்லிமீட்டர் கற்கள் 64ஐயும் எடுத்துக்கொண்டால், சின்னக் கற்களின் மொத்த மேற்பரப்பு நான்கு மடங்கு. ஆகவே "நிறையக் கல் இருக்கு" என்று பயப்படுகிறவருக்கு மாத்திரை விஷயத்தில் அது ஒருவகையில் நல்ல செய்தி. நன்றாகக் கரையும்போது விட்டம் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் குறையும். 15 மில்லிமீட்டருக்கு மேலே என்றால் பொதுவாக முயல்வதில்லை.

இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும், 1993இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உர்சோவால் கல் முழுதாகக் கரைந்தவர்கள் சுமார் 37 சதவீதம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான, மிதக்கும் கற்களில் இது இன்னும் நன்றாக இருக்கும். அப்புறம் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பித்தம் பழைய விகிதத்துக்கே திரும்பிவிடும், கல்லீரல் மாறவில்லையே. கல் கரைந்தவர்களில் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் மறுபடி வருகிறது. 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே சிறு துளை வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டியதும், சில ஆண்டுகளில் லேப்ராஸ்கோபி உலகெங்கும் பரவியதும், கரைக்கும் வைத்தியம் ஓரத்துக்குப் போய்விட்டது. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், பித்தப்பையோடு கல்லும் போய்விடும் என்றால் யார் இரண்டு வருடம் மாத்திரை சாப்பிடுவார்கள்? அறுவை சிகிச்சை தாங்காதவர்கள், அதை விரும்பாதவர்கள், சிறிய கற்களும் லேசான தொந்தரவும் மட்டும் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாத்திரை இன்னும் ஒரு வழிதான்.

தொந்தரவே தராத கல்லுக்குப் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக ஊழியர்களில் அப்படிக் கல் இருந்த 123 பேரைத் தொடர்ந்து கவனித்து 1982இல் வெளியிட்டார்கள். 15 ஆண்டுகளில் வலி வந்தவர்கள் 18 சதவீதம்தான். ஆனால் காய்ச்சல், மஞ்சள் காமாலை, விடாத வலி என்று எது வந்தாலும் மாத்திரை பற்றிய யோசனைக்கே இடமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஆப்பிள் ஜூஸும் குடித்து மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாகக் "கல்" விழுந்தது என்று படம் போடுகிறார்களே, அது என்ன? 2005இல் ஒரு நோயாளி கொண்டுவந்த அப்படிப்பட்ட உருண்டைகளை நியூசிலாந்தில் பரிசோதித்தார்கள். கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள்ளேயே சேர்ந்து உண்டாக்கிய சோப்பு உருண்டைகள். சூடுபடுத்தினால் உருகின.

உர்சோ தன் பலத்தை நன்றாகக் காட்டும் இடம், கல் வருவதற்கு முன்னால்தான். உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மளமளவென்று எடை இழப்பதால் அவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு மிக அதிகம். 1995இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கல் வந்தது. தினமும் 600 மில்லிகிராம் உர்சோ எடுத்தவர்களில் அது 2 சதவீதம். விகிதம் கெடும் அந்த ஆறு மாதத்தை மட்டும் தாண்டினால் போதும் என்பதால், எடை ஓரளவு நிலைத்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.